நாடகத்தை நடத்தக் கற்கும் பிள்ளைகள்

(சுவா சூ காங்கில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் பெற்றோரும் தமிழாசிரியர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பாதிப் பேர் பெற்றோர், மீதிப் பேர் தமிழாசிரியர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். இரு தரப்பும் என்னிடம் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "நாடகத்தில் சேர்ந்தால் படிப்பு என்ன ஆகும்?" நாடகமே படிப்பு என்பது என் பதில். அது எப்படிப்பட்ட படிப்பு, தமிழில் அது ஏன் இன்னும் நம் பள்ளிகளில் முழுதாக அமையவில்லை, அமைய வேண்டுமானால் என்ன செய்யலாம் என்று இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இன்றைய நிலை. சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்கு நாடகத்தை ஒரு பாடமாக எடுக்க வழி இருக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். மேல்நிலைத் தேர்விலும் அரங்கியல் ஒரு பாடம். விக்டோரியா தொடக்கக் கல்லூரி அதற்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 2008ல் தொடங்கிய சிங்கப்பூர் கலைப்பள்ளியில் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக அரங்கக் கலை பயில்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் அரங்கியல் துறைப் படிப்பு உண்டு. இவை எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆங்கில நாடகம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து நான் மகிழ்கிறேன், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

தமிழில் என்ன இருக்கிறது? இணைப்பாட நடவடிக்கை இருக்கிறது. 1967ல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழா இருக்கிறது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் மேடைகள் கிடைக்கின்றன. தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் 'சங்கே முழங்கு' என்று பெரிய மேடை நாடகமே நடத்துகிறார்கள். ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் உயர்நிலை ஒன்றில் சேரும் மாணவர் உயர்நிலை நான்கு வரைக்கும் படிப்படியாக, இந்த ஆண்டு இதைக் கற்றேன், அடுத்த ஆண்டு அதைக் கற்பேன் என்று சொல்லும்படி தமிழில் நாடகம் பயில ஒரு பாடத்திட்டம் இல்லை. போட்டி வரும்போது நாடகம் வருகிறது, போட்டி முடிந்ததும் போய்விடுகிறது.

போட்டிக்கு நாடகம் தயாராகும் விதத்தை ஆசிரியர்கள் அறிவீர்கள். வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் வருகிறார். பெரும்பாலும் அவரே கதை எழுதுகிறார், அவரே இயக்குகிறார், இசையைத் தேர்ந்தெடுக்கிறார், உடையையும் எங்கிருந்தோ கொண்டுவருகிறார். விளக்கை மண்டபத்து ஊழியர் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் வசனத்தை மனப்பாடம் செய்து வந்து சொல்கிறார்கள். அந்த வசனத்தையே ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. பயிற்றுநர்களை நான் குறை சொல்லவில்லை. குறைந்த ஊதியத்துக்கு, குறைந்த வாரங்களில், நிறைந்த அன்போடு உழைப்பவர்கள் அவர்கள். நானும் அந்த வேலையைச் செய்தவன். ஆனால் அந்த ஏற்பாட்டில் நாடகத்தை நடத்துவது பெரியவர்கள். பிள்ளைகள் அதில் தோன்றுகிறார்கள், அவ்வளவுதான். என் பேச்சின் மையம் இதுதான். நடிப்பை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது, ஒரு நாடகத்தை முதலிலிருந்து முடிவு வரை நடத்தும் பொறுப்பைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும், அதுவும் தமிழில்.

உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு பள்ளி நாடகத்தில் யாருக்கு அதிகத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்? கதாநாயகனுக்கு என்று நினைப்போம். அவனுக்குத் தன் வசனமும், தனக்கு முன்னால் பேசுபவரின் கடைசிச் சொல்லும் தெரிந்தால் ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம். மேடை நிர்வாகிக்கு அது போதாது. அவள் கையில் ஒரு கோப்பு இருக்கும். ஒரு பக்கம் நாடகப் பிரதி, எதிர்ப்பக்கம் வெற்றுத்தாள். ஒத்திகையில் யார் எங்கிருந்து எங்கே நடந்தார், எந்தச் சொல்லில் உட்கார்ந்தார், எந்த மௌனத்தில் எழுந்தார் என்று எல்லாவற்றையும் பென்சிலால் அதில் குறிக்கிறாள். நாளைக்கு மாறும் என்பதால்தான் பென்சில். விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனியாக எண்கள். நாடகம் நடக்கும்போது காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, மாற்றம் வருவதற்கு இரண்டு வரி முன்பே "விளக்கு பதினான்கு, தயார்" என்பாள். குறித்த சொல் நடிகரின் வாயிலிருந்து வந்த கணத்தில் "போ" என்பாள். நடிகர் பதற்றத்தில் ஒரு பக்கத்தையே தாண்டிவிட்டால், நாடகம் எங்கே குதித்திருக்கிறது என்று ஒரு நொடியில் கண்டுபிடித்து, விளக்கையும் ஒலியையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிரதியின் ஒவ்வொரு வரியையும் பொருளோடும் தொனியோடும் அறிந்தவரால் மட்டுமே இது முடியும்.

மேடையேறக் கூச்சப்படும் பிள்ளைகள், தமிழில் வாய் திறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று அஞ்சும் பிள்ளைகள் இந்த வேலையில் உட்கார்ந்து மெல்ல மெல்ல மொழிக்குள் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே உரையாடலை ஒத்திகைதோறும் கேட்டுக் கேட்டு அவர்கள் காதில் தமிழ் தங்கிவிடுகிறது. நடிகர் ஒரு சொல்லை விழுங்கினால் முதலில் தலை நிமிர்த்துவது அவர்கள்தான்.

மற்ற வேலைகளிலும் இதே அளவு படிப்பு இருக்கிறது. முகத்துக்கு நேர்மேலே ஒரே விளக்கைப் போட்டால் கண்கள் குழிக்குள் மறைந்துவிடும். முன்னாலிருந்து, இரு பக்கமும் சாய்வாக, ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகையில் ஒளி வந்தால்தான் பார்வையாளருக்கு முகம் தெரியும். கணிதப் பாடத்தில் படித்த கோணம் அங்கே கைக்கு வருகிறது. தூய வெள்ளை வேட்டி மேடை வெளிச்சத்தில் கண்ணைக் கூசச் செய்யும், முகத்தைப் பார்க்கவே விடாது. அதனால் உடைப் பொறுப்பாளர் வேட்டியைத் தேநீரில் தோய்த்துச் சற்றே மங்க வைக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் அது வெள்ளையாகவே தெரியும். ஒத்திகை அறையில் மேடையின் அளவைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டவேண்டும். ஐம்பது வெள்ளிக்குள் ஒரு வீட்டுக் கூடத்தை உருவாக்கவேண்டும். யாரிடம் நாற்காலி இரவல் வாங்குவது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்று பட்டியல் போடவேண்டும். இவற்றையெல்லாம் பேசித் தீர்ப்பது தமிழில் என்றால், பாடநூலில் வராத எத்தனை ஆயிரம் வாக்கியங்களைப் பிள்ளைகள் தாமாகவே பேசிவிடுவார்கள்!

பிள்ளைகள் தமிழில் பேச இப்படி ஒரு வாய்ப்புத் தேவை என்பதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005லேயே பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நல்ல பரிந்துரை. ஆனால் பேச்சு என்பது பேசவேண்டிய அவசியம் இருக்கும்போதுதான் வரும். "படத்தைப் பார்த்துப் பேசு" என்றால் பிள்ளை இரண்டு வாக்கியம் பேசி நிறுத்திவிடும். அக்காவின் திருமணத்தைத் தடுக்க வந்த தம்பியாக நில், அவள் உன்னை உள்ளே விடமாட்டாள், என்ன சொல்வாய் என்று கேட்டுப் பாருங்கள். சொல் தேடி அலைவதும், கிடைத்த சொல்லை இறுகப் பிடித்துக்கொள்வதும் அப்போதுதான் நடக்கும்.

எந்தத் தமிழ் என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். 1997ல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'புவா சூ காங்' நகைச்சுவைத் தொடர் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் நாயகன் நம் வட்டாரத்தின் பெயரை ஒட்டிய பெயர் கொண்ட குத்தகைக்காரர். 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் டோங் அந்தப் பாத்திரம் பேசும் சிங்கிலீஷைக் குறிப்பிட்டு, அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்பும்படி தொலைக்காட்சி நிலையத்தைக் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பேச்சு நாட்டின் தலைமை வரை கவலைக்குரிய செய்தியானது. தமிழ் நாடகத்துக்கும் இதே கேள்வி உண்டு. புளோக் கீழ்த்தளத்தில் நிற்கும் பாத்திரம் செந்தமிழில் பேசினால் பார்ப்பவர் நம்பமாட்டார். ஆங்கிலமும் மலாயும் கலந்த பேச்சையே கடைசிவரை பேசினால் பிள்ளை தமிழ் கற்கவில்லை என்பார்கள். என் கருத்து இது: முடிவைப் பிள்ளைகளே எடுக்கட்டும், காரணத்தோடு எடுக்கட்டும். இந்தத் தாத்தா எந்த ஊர்க்காரர், எந்த ஆண்டு இங்கே வந்தார், எங்கே வேலை பார்த்தார், அப்படியானால் "சாப்பிட்டியா" என்பாரா, "பசியாறிட்டியா" என்பாரா? இந்த விவாதம் ஒரு மணி நேரம் நடந்தால் அது ஒரு மணி நேர மொழிப்பாடம்.

நம்மவர் இதில் வழி காட்டியிருக்கிறார்கள். புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன், அறுபதுகளில் சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றியபோது எழுதிய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' தொடர், கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிவந்த தமிழர் வாழ்க்கையை அந்த வாழ்க்கையின் பேச்சிலேயே சொன்னது. அவருக்கு 2008ல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 1988ல் நாடகாசிரியர் குவோ பாவ் குன், தாய் ஒருத்தி தன் பூனையைத் தேடும் கதையைப் பல மொழிகளில் மேடையேற்றினார். ஹொக்கியென் பேசும் அந்தத் தாய்க்கும் அவளுடைய பிள்ளைகளுக்கும் இடையே பொதுமொழி அற்றுப்போயிருக்கிறது. வழியில் தமிழ் பேசும் ஒரு முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் தம் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி அவளுக்குத் தெரியாது. கையசைவிலும் முகத்திலும் பேசிப் புரிந்துகொள்கிறார்கள். நம் நாட்டு நாடக வரலாற்றில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சிகளில் ஒன்றில் தமிழ் இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? குவோ பாவ் குன்னும் டி. சசிதரனும் 2000ல் தொடங்கிய நடிகர் பயிற்சித் திட்டம்தான் இன்று இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட். அங்கே உலகெங்குமிருந்து வரும் மாணவர்கள் கூடியாட்டமும் பெய்ஜிங் ஓப்பராவும் ஒரே கூரையின் கீழ் கற்கிறார்கள். சிங்கப்பூரின் பதின்ம வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வாசல் தெரியவேண்டாமா?

சிறுவர்களுக்கு நாடகத்தை முறையாகக் கற்றுக்கொடுப்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. 1918ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். ஆறு வயதில் அங்கே சேர்ந்தவர்தான் பிற்காலத்து அவ்வை தி. க. சண்முகம். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்கள். பாட்டு, பாடம், உச்சரிப்பு, தாளம், ஒப்பனை என்று எல்லாம் கற்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது: பள்ளிப் படிப்பு இல்லை, வீடு இல்லை, அடி உண்டு. அந்தக் கடுமையை யாரும் திரும்ப அழைக்கப் போவதில்லை. நான் எடுத்துக்கொள்வது அவர்களுடைய முழுமையை. அந்தச் சிறுவர்களுக்கு நாடகம் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் விருந்தாளியாக இருக்கவில்லை.

ஆனால் என் வாதத்துக்கு வலுவான சான்று இலங்கையில் இருக்கிறது. அங்கே 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடத்தைச் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தமிழிலேயே எடுத்துப் படிக்கலாம். தமிழிலேயே வினாத்தாள், தமிழிலேயே செய்முறை. கிரேக்க அரங்கும் ஷேக்ஸ்பியரும் தென்மோடி, வடமோடிக் கூத்தும் ஒரே பாடத்துக்குள். இது ஒரே நாளில் வரவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்து, 1962ல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். விடிய விடிய நடக்கும் கூத்தைச் செறிவாக்கி நகர மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்துப் பழக்கும் கிராமத்து அண்ணாவிமாரை ஆசான்களாகவே மதித்து அழைத்து வந்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் தாமே பேராசிரியராகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார். கார்த்திகேசு சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற பொருளில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1978ல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். பள்ளிப் பிள்ளைகளுக்காக நாடகம் நாடகமாக எழுதிக் குவித்தார். போர் சூழ்ந்த 1985ல் அவருடைய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போயிற்று. அவர் 2025 ஜனவரியில் மறைந்தார்.

அந்தச் சமூகம் ஊரடங்குக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே இதைச் செய்தது. ஒவ்வொரு பள்ளியிலும் மண்டபம் வைத்திருக்கும் நாம் செய்யாதிருக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. கலைச்சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, பாடநூல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் வாழ்க்கை வேறு. சட்டகம் இருக்கிறது, அதில் நம்முடைய பொருளை வைக்கலாம்.

நம்முடைய பொருள் என்ன? இங்கிருந்து சற்றுத் தூரத்தில் சுவா சூ காங் மயானம் இருக்கிறது. சிங்கப்பூரில் இன்னும் அடக்கம் செய்ய இடம் கொடுக்கும் ஒரே மயானம் அது. நிலம் குறைவு என்பதால் 1998 முதல் ஒரு புதைகுழிக்குப் பதினைந்து ஆண்டுதான். அதன் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். தெங்கா விமானத்தளத்தை விரிவாக்க அங்கிருந்து ஏறத்தாழ 80,500 சீன, முஸ்லிம் கல்லறைகள் அகற்றப்படும் என்று 2017ல் அறிவித்தார்கள். இதை ஓர் உயர்நிலை மூன்று வகுப்பின் முன் வையுங்கள். எழுதி முடித்த பிரதி எதுவும் வேண்டாம். பதினைந்து ஆண்டு முடிந்து கடிதம் வருகிறது. வீட்டில் யார் பிரித்துப் படிக்கிறார்? யாருக்குச் சொல்லாமல் மறைக்கிறார்? மகன் வேலைக்கு விடுப்பு எடுப்பானா? பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் அதே கடிதம் வந்திருக்கிறதா? பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் போய்க் கேட்டு வரட்டும், கேட்டதை நடித்துப் பார்க்கட்டும், பார்த்ததை எழுதட்டும். பிரதி அப்படிப் பிறக்கட்டும். மரணத்தைப் பற்றிப் பதினைந்து வயதில் பேசலாமா என்று சில பெற்றோர் தயங்குவீர்கள். வீட்டில் பாட்டி இறந்தபோது நாம் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திய பிள்ளைகள்தான் அவர்கள். பேசுவதற்கு அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

இப்படித் தாமே யோசிக்கும் நாடகம் பெரியவர்களுக்குச் சங்கடம் தரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டு ஆகஸ்டோ போவால் உருவாக்கிய ஒரு நாடகமுறையில், பார்வையாளர் கை தூக்கி நாடகத்தை நிறுத்தலாம், மேடையேறி ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். தி நெசசரி ஸ்டேஜ் குழுவின் ஆல்வின் டானும் ஹரேஷ் சர்மாவும் அதை 1993ல் இங்கே செய்து காட்டினார்கள். மறு ஆண்டே அது சந்தேகத்துக்கு உள்ளாகி, அந்த முறைக்கு அரசு நிதியாதரவு இல்லை என்றானது. சுமார் பத்தாண்டுகள் அந்தக் கதவு மூடியிருந்தது. இன்று பகடிவதையையும் போதைப்பொருளையும் பற்றி மாணவர்களோடு பேச அதே முறையைப் பள்ளிகள் விரும்பி அழைக்கின்றன. அதே ஹரேஷ் சர்மா மனநோயைப் பற்றி எழுதிய 'ஆஃப் சென்டர்' நாடகத்தை 1993ல் மேடையேற்றியபோதும் சர்ச்சை வந்தது. பின்னாளில் அது உயர்நிலைப்பள்ளி இலக்கியப் பாடநூலானது. ஆசிரியர்களுக்கு இதனால் நான் சொல்வது: மாணவர் எழுதிய காட்சி உங்களைத் திடுக்கிட வைத்தால், உடனே அடித்துவிடாதீர்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று கேளுங்கள். அவர் தரும் விளக்கத்துக்கே மதிப்பெண் கொடுக்கலாம்.

எதிர்காலம், வேலை என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். லாசால், நன்யாங் நுண்கலைக் கழகம் இரண்டும் சேர்ந்து இப்போது கலைப் பல்கலைக்கழகமாகியிருக்கின்றன. வசந்தம் ஒளிவழிக்கு நடிகரும் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் எப்போதும் வேண்டும். ஆனால் நாடகம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தாதியராகவும் பொறியாளராகவும் கணக்காளராகவும்தான் போவார்கள், போகட்டும். நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக மட்டும் பிள்ளையை நாடகத்தில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழ் கிடைத்த மறுநாள் விலகும் பிள்ளை, தன்னை நம்பி ஒத்திகை பார்த்த பத்துப் பேரை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறது.

ஒத்திகை நேரம் பற்றிப் பெற்றோரின் கவலை நியாயமானது. தேர்வுக்கு முந்திய வாரம் இரவு எட்டு மணி வரை பிள்ளைகளை வைத்திருக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அது திட்டமிடத் தெரியாத பெரியவர்களின் குறை. ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டி போட்டு, வாரம் இரண்டு மாலை, மணி ஆறுக்கு முடிவு என்று வைத்தால் ஓர் ஆண்டில் ஒரு முழு நாடகத்தை உருவாக்கலாம். அந்த நாட்காட்டியைப் போடுவதும் மேடை நிர்வாகியான மாணவரின் வேலையே.

கல்வி அமைச்சு தமிழில் நாடகப் பாடத்தைக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒரு பள்ளியில் மட்டும் அதற்குப் போதிய மாணவர் சேரமாட்டார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடிய பதில். உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் பல பள்ளி மாணவர்கள் மாலையில் ஒன்றுகூடித் தமிழ் படிக்கும் ஏற்பாடு நமக்கு ஏற்கெனவே பழக்கமானது. நாடகத்துக்கும் அதே வழி பொருந்தும். அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரே குழு அமைக்கலாம். முதல் ஆண்டு பெரிய மண்டபமே வேண்டாம், ஒரு புளோக்கின் கீழ்த்தளம் போதும். நகர மன்றத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதுவது, குடியிருப்பாளருக்கு அறிவிப்பு ஒட்டுவது, இரவல் வாங்கிய விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்று விசாரிப்பது எல்லாவற்றையும் மாணவர்களே செய்யட்டும். அறிவிப்பைத் தமிழில் முதலில் எழுதி, பிறகு மற்ற மூன்று மொழிகளிலும் மாற்ற அவர்களுடைய சீன, மலாய் நண்பர்கள் உதவட்டும். பயிற்றுநர் அருகில் இருந்தால் போதும்.

விருப்பமுள்ள ஆசிரியர்கள் வாசலில் வைத்திருக்கும் தாளில் பள்ளியின் பெயரையும், வாரத்தில் எந்த இரண்டு மாலைகள் உங்களுக்கு முடியும் என்பதையும் எழுதுங்கள். பெற்றோரில் தச்சு வேலை, மின்வேலை, தையல் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.